தடையில்லாச் சான்று

பால்ச்சாமி மில்லு வேன் ஓட்டுகிறவர். திருச்சுழிக்குக் கிழக்கே கருவேலங்காட்டுக்குள் கிடக்கும் நாலைந்து ஊர்களில் விடிந்ததும் பெண்களை ஏற்றி, அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கும் நூல் மில்லில் இறக்கிவிடுவார். ஷிப்டு முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து அவரவர் ஊரில் விடுவார். காலையில் போகும்போது எல்லோரும் தூங்குவார்கள். சாயங்காலம் வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மிஷின் சத்தம் காதைவிட்டு இறங்காததால் பக்கத்தில் இருப்பவளிடம்கூடக் கத்தித்தான் பேசுவார்கள். அந்தக் கத்தலை அடக்க வழி தெரியாமல்தான் பால்ச்சாமி ஒருநாள் கதை சொல்ல ஆரம்பித்தார்.

கதை செவத்தா என்கிற ஒருத்தியைப் பற்றியது. மாமியாருக்கு மருந்து வாங்க டவுனுக்குக் கிளம்பிய செவத்தா, போர்டைப் பார்க்காமல் வேறு பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். கண்டக்டர் சொல்லியும் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்பில் இறங்கி, அங்கே ஒரு ஓட்டலில் வேறு பேரைச் சொல்லி வேலைக்குச் சேருகிறாள். பிறகு இன்னொரு பஸ், இன்னொரு ஊர், இன்னொரு பேர். வீட்டுக்கு மட்டும் திரும்புகிறதாக இல்லை. பால்ச்சாமி முதலில் யோசித்தது அந்த முதல் பஸ்ஸோடு சரி. அதற்கு மேல் வண்டியில் இருந்த பெண்கள் விடவில்லை.

"ஏண்ணே, கட்டுன சேலையோட போனவ மாத்துச்சேலைக்கு என்ன செஞ்சா?" என்று கேட்டாள் மாரிக்கனி. நாற்பது பேர் கத்தினாலும் அவள் குரல் தனியாகக் கேட்கும். பால்ச்சாமி அதை யோசித்திருக்கவில்லை. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தார். மறுநாள் செவத்தாவின் சேலை ஒரு தனிக் கதையாகி, அதில் ஒரு சலவைக்கடைக்காரன் வந்து, அவனால் இன்னும் ஒரு வாரம் ஓடியது. வேனிலேயே மூத்தவள் ஆவுடைத்தாய் கண்ணை மூடியபடி, "அவளுக்குப் பிள்ளை இருந்துச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பால்ச்சாமிக்கு வெகுநாள் ஆனது. சொன்ன அன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்கள்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் முருகலட்சுமி உட்காருவாள். கல்யாணமாகி வந்த புதுப்பெண். எதுவும் கேட்க மாட்டாள். இறங்கும்போது மட்டும், "நாளைக்கும் சொல்லுவீகள்லண்ணே?" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதைக்குள்தான் வாரியம் வந்து விழுந்தது.

மழை குறைந்த வட்டாரங்களில் மனித மூளையிலும் ஈரப்பதம் குறைந்திருக்கும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியதால் ஏற்படுத்தப்பட்டது மானாவாரிப் பகுதிப் படைப்பாற்றல் வளர்ச்சி வாரியம். அதன் திருச்சுழிக் கிளைக்குப் பெயர் படைப்பாற்றல் தடை நீக்க மையம். மல்லி மூட்டை அடுக்கக் கட்டிய பழைய கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, அதில் மையத்தைத் திறந்திருந்தார்கள். எதையாவது படைப்பது மையத்தின் வேலையில்லை. படைக்கிறவர்களின் தடையைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் வேலை. திறந்து ஒரு வருடம் ஆகியும் ஒரு தடையும் நீக்கப்படவில்லை. கூட்டுறவுச் சங்கம் என்று நினைத்து உரம் கேட்டு வந்தவர்களைத் தவிர யாரும் உள்ளே வரவில்லை. மார்ச் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சுக்குள் ஒரு பயனாளியைக் காட்டவில்லையென்றால் ஏசியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மைய இயக்குநர் சங்கரலிங்கத்தின் ஜீப் அந்தச் சமயம் பார்த்துப் பந்தல்குடி ரோட்டில் நின்றுபோனது. பின்னால் வந்த மில்லு வேனில் அவருக்கு இடம் கிடைத்தது. சங்கரலிங்கம் தனியாக இருக்கும்போதும் மேடையில் நிற்கிற மாதிரியே பேசுகிறவர். அன்றைக்கு மட்டும் திருச்சுழி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. செவத்தா ஏதோ ஓர் ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் அவள் புருஷனுடைய கூட்டாளி, அவன் தலையைத் திருப்புகிறான். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு வண்டியையும் நிறுத்தினார் பால்ச்சாமி.

சங்கரலிங்கம் இறங்கி டிரைவர் கதவுப் பக்கம் வந்தார். "நீங்கள் ஒரு படைப்பாளி" என்றார்.

பால்ச்சாமிக்குத் திக்கென்றது. "இல்ல சார். லைசென்ஸு இருக்கு. பேட்ஜு இருக்கு."

"உங்கள் படைப்பாற்றலுக்கு என்னென்ன தடைகள் உள்ளன?"

"ஒண்ணும் இல்லீங்க சார். வண்டி இருக்கு, இவுக இருக்காக. நாம்பாட்டுக்குச் சொல்லிட்டு வாரேன்."

சங்கரலிங்கம் அவரை ஆஸ்பத்திரிக்கட்டிலில் பார்ப்பதுபோலப் பார்த்தார். "தடை இருப்பதே தெரியாத நிலை. எங்கள் கையேட்டின்படி இதுதான் மிகவும் முற்றிய நிலை. கவலைப்படாதீர்கள். சரியான நேரத்தில் எங்களிடம் வந்திருக்கிறீர்கள்."

நாம எங்க போனோம், இவருதான வந்து ஏறுனாரு என்று பால்ச்சாமிக்குத் தோன்றியது. அதிகாரியிடம் அதைக் கேட்க முடியுமா?

மறுவாரமே மில்லுக்குக் கடிதம் வந்தது. மையத்தின் பேனரில் மில்லின் பேரையும் போடுவதாக அதில் எழுதியிருந்ததால் மானேஜர் சந்தோஷமாகப் பால்ச்சாமியை இரண்டு மாதத்துக்கு அனுப்பிவைத்தார். சம்பளம் நிற்காது. காலையில் மையத்துக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், சாயங்காலம் வர வேண்டும். வேனைச் சுந்தரபாண்டி என்கிற வேறு டிரைவர் எடுத்தான். பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். அதற்கப்புறம் வேனில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

மையத்தில் அவரை ஒப்படைத்தது முனைவர் துர்காதேவியிடம். அந்த அம்மா தடை ஆய்வாளர். முனைவர் பட்டம் வாங்குவதில் தனக்கு ஏற்பட்ட தடைகளையே ஆய்வுப் பொருளாக எடுத்து முனைவர் பட்டம் வாங்கியவர். கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "முதல் தடை, வெற்றுத்தாள் அச்சம். எழுத உட்காரும்போது வெள்ளைத் தாளைப் பார்த்தால் உங்களுக்குப் பயம் வருமா?" என்று கேட்டார்.

"நான் எழுதுறதில்ல மேடம். வாயில சொல்றதுதான்."

துர்காதேவி இயக்குநர் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினார். இல்லாத அச்சத்தை நீக்கியதாகக் காட்டினால் தணிக்கையில் கேள்வி வரும். எனவே முதலில் அச்சத்தை உண்டாக்கி, பிறகு முறைப்படி நீக்குவது என்று முடிவாகியிருந்தது. உதவியாளர் இம்மானுவேலைக் கூப்பிட்டு, பால்ச்சாமியின் முன்னால் வெள்ளைத்தாள் வைக்கச் சொன்னார்கள். தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது.

முதல் நாள் பால்ச்சாமி அதை மடித்து விசிறிக்கொண்டார். ஏசி இருக்கும்போது ஏன் விசிறுகிறீர்கள் என்று கேட்டு வேறு தாள் வைத்தார்கள். அடுத்த நாள் அதில் சுண்டல் வைத்துத் தின்றார். அதற்கும் வேறு தாள் வந்தது. நாள் போகப் போக அந்த வெள்ளை அவரை என்னவோ செய்தது. காலையில் கதவைத் திறக்கும்போதே உள்ளங்கை வேர்த்தது. தாளைப் பார்த்ததும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"வந்துருச்சு சார்" என்று துர்காதேவி இயக்குநர் அறைக்கு ஓடினார். முதன்முதலாக அன்றைக்குத்தான் அவர் பேச்சுத்தமிழில் பேசியது.

பயம் வந்ததற்கு அறிக்கை போனது. பிறகு நீக்கம் நடந்தது. இம்மானுவேல் வந்து தாளை எடுத்துக்கொண்டு போனார். நீக்கியதற்கும் ஓர் அறிக்கை போனது. தாள் போய்விட்டது. பயம் பால்ச்சாமியிடமே இருந்தது.

அடுத்தது உள்மன விமர்சகர். "உங்களுக்குள்ளே ஒரு குரல், இது சரியில்லை, அது எப்படி நடக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரலை அடையாளம் காட்ட முடியுமா?" என்றார் துர்காதேவி.

"அது மாரிக்கனி மேடம்."

"நான் கேட்டது உள்ளே இருக்கிற குரல்."

"அவ உள்ளதான் மேடம் இருப்பா. கதவுக்குப் பக்கத்து சீட்டு."

மாரிக்கனி யார், என்ன கேட்பாள் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். பால்ச்சாமி வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னார். சேலை, சலவைக்கடை, பிள்ளை எல்லாம். ஒரு கதையை இத்தனை இடத்தில் குறுக்கே வெட்டியிருக்கிறார்களே என்று துர்காதேவி கண்கலங்கிப்போனார். குறுக்கிடும் பெண் தொழிலாளர்கள் வேனில் வாய் பேசக் கூடாது என்று மில்லுக்கு ஓர் அறிவுரைக் கடிதம் போனது. மானேஜர் அதை வேனில் ஒட்டினார். சுந்தரபாண்டியின் ஸ்பீக்கருக்குக் கீழே அது ஒட்டியிருந்ததால் பெண்கள் அதைப் பாட்டு வரி என்று நினைத்துவிட்டார்கள்.

தோல்வி பயம் பால்ச்சாமிக்கு இல்லை என்றதும், கையேட்டில் சொன்னபடி தோல்வி ஒத்திகை வைத்தார்கள். அவர் கதை சொல்ல வேண்டும், மைய ஊழியர்கள் எல்லோரும் கொட்டாவி விட வேண்டும். இயக்குநர் கையெழுத்தோடு ஆணை வந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா உத்தரவுக்கு மேலேயே போய்க் குறட்டை விட்டார். காவலாளி மட்டும் ஆணையைப் படித்திருக்கவில்லை. செவத்தா ஓட்டலில் முதல் சம்பளம் வாங்கும் இடத்தில் அவர் தன்னை மறந்து, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் பிறகு வீட்டுச் சூழல் ஆய்வு. துர்காதேவி ஜீப்பில் பால்ச்சாமியின் ஊருக்கே வந்தார். அவர் பெண்டாட்டி சந்தனம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கணவர் சிந்திக்கும்போது நீங்கள் குறுக்கிடுவதுண்டா?"

"அவுக எப்ப சிந்திக்காக எப்ப சும்மா இருக்காகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? தண்ணி லாரி வந்தா கொடத்தத் தூக்குங்கன்னு சொல்லுவேன். வேற என்ன?"

"தண்ணி லாரி" என்று துர்காதேவி எழுதிக்கொண்டார். படைப்பாளியின் தெருவில் குடிநீர் வண்டி வரும் நேரத்தைச் சிந்தனைக்கு இடையூறில்லாதபடி மாற்றி அமைக்குமாறு பரிந்துரை போனது. நேரத்தை மாற்றுவது யாருடைய பொறுப்பு என்று தெரியாததால் அந்தத் தெருவுக்கு லாரி வருவதையே நிறுத்திவிட்டார்கள். பெண்கள் குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போய்ச் சண்டை பிடித்து வாங்கிவர வேண்டியிருந்தது. போகும்போதும் வரும்போதும் பால்ச்சாமி வீட்டைப் பார்த்து நாலு வார்த்தை வைதுவிட்டுப் போனார்கள்.

"கதை சொன்னதுக்கா தண்ணிய நிப்பாட்டுனாக?" என்று கேட்டாள் சந்தனம்மாள்.

"தடைய நீக்குறாகளாம்."

"அப்ப நம்மளயும் நீக்கிருவாகளா?"

இப்போதெல்லாம் பால்ச்சாமிக்குக் கதையும் வரவில்லை. முன்பு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தால் போதும், செவத்தா தானாக நடந்து வருவாள். இப்போது சத்தமே இல்லாத அறையில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினால் அதே பஸ் ஸ்டாண்ட், அதே டீக்கடை, தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கிற அதே ஆள். அவன் கழுத்து அதற்கு மேல் திரும்பவில்லை. செவத்தாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் காலை எடுத்து வைக்க மறுத்தாள். ஒரு பொம்பளையை முன்பின் தெரியாத ஊரில் நடுவெயிலில் நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் ஏசியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சுழியில் காய்கறி வாங்கப் போனபோது மாரிக்கனி பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, நல்லா இருக்கா இது? அவள அங்கனயே விட்டுட்டுப் போயிட்டீகளே. அந்த ஆளு பாத்தானா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"தெரியலத்தா."

"ஒங்க கதை ஒங்களுக்குத் தெரியாதா?"

"முன்னயும் தெரியாதுத்தா. நீங்க கேப்பீக, நான் சொல்லுவேன்."

"சரி, நாங்க கேக்கோம். சொல்லுங்க."

பால்ச்சாமி வாயைத் திறந்தார். கத்திரிக்காய்க் கடைக்குப் பக்கத்தில் இம்மானுவேல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பயனாளி வெளி இடங்களில் தடைகளுடன் தொடர்பு வைத்துக்கொள்கிறாரா என்று கண்காணிக்க அவருக்கு உத்தரவு. இம்மானுவேல் பாவம்போலத் தலையை ஆட்டினார். பால்ச்சாமி வாயை மூடிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு மாதம் முடிந்தது. எல்லாத் தடையும் நீக்கப்பட்டுவிட்டதாகக் கோப்பு சொன்னது. கதை மட்டும் வரவில்லை. "பரவாயில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் துர்காதேவி. கதையை அவரே முடித்துவிட்டார். அவர் எழுதிய முடிவில் செவத்தா மனம் திருந்தி ஊருக்குத் திரும்புகிறாள், புருஷனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், மாமியாருக்கு மருந்து கொடுக்கிறாள், மகளிர் குழுவில் லோன் எடுத்து ஆடு வளர்த்து மாவட்டத்துக்கே முன்மாதிரியாக விளங்குகிறாள்.

பால்ச்சாமி அதை வாங்கிப் படித்தார். "அந்த மருந்து இத்தன நாள் கெடாம இருக்குமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"உங்களுக்குள்ளே இன்னும் மாரிக்கனி பேசுகிறாள்" என்று துர்காதேவி கண்டித்தார்.

நிறைவு விழாவைத் திருச்சுழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வாரியத் தலைவரே வந்தார். கூட்டம் வேண்டும் என்று மில்லில் கேட்டு, வேன் நிறையப் பெண்களைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். மண்டபத்தைச் சுற்றிலும் 'அமைதி படைப்பின் தாய்' என்று அட்டை தொங்கியது. பின்கட்டில் பக்கத்து ஊரான வீரசோழனிலிருந்து வந்து இறங்கிய பிரியாணி அண்டாக்களின் வாசம் மேடைவரை வந்துகொண்டிருந்தது.

சங்கரலிங்கம் வரவேற்றுப் பேசினார். "இந்த மண்ணில் மழைக்குத் தடை உண்டு. தண்ணீருக்குத் தடை உண்டு. வேலைக்குத் தடை உண்டு. இவற்றையெல்லாம் நீக்குவது நமது மையத்தின் வரம்புக்குள் வராது. ஆனால் நாம் சோர்ந்துவிடவில்லை. தடையே இல்லாத ஒரு மனிதரிடத்திலும் இடைவிடாது தேடி, ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளைக் கண்டெடுத்தோம். கிடைக்காத இடத்தில் நாமே உருவாக்கினோம். இதைவிட ஒரு மையம் என்ன செய்ய முடியும்?" முன்வரிசையில் பலமாகக் கை தட்டினார்கள்.

வாரியத் தலைவர் எழுந்தார். "கல்லூரியில் படிக்கும்போது நானும் கவிதை எழுதியவன்தான். அப்போது எனக்குத்தான் எத்தனை தடைகள். வறுமை, காதல் தோல்வி, விடுதியில் ஒரே அறையில் ஆறு பேர். தினம் ஒரு கவிதை வந்துகொண்டே இருந்தது. இன்று எனக்குத் தனி அறை, தனி வாகனம், தனி உதவியாளர். ஒரு தடையும் இல்லை. கவிதையும் இல்லை. ஆனால் தடை இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்." அதற்கும் கை தட்டினார்கள்.

பால்ச்சாமியை மேடையேற்றி மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். எட்டு நிமிடத்துக்குள் கதையை முடிவோடு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"செவத்தா" என்றார்.

மண்டபம் அமைதியாக இருந்தது. அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. அந்த அமைதி வெள்ளைத்தாள் மாதிரி அவருக்கு முன்னால் விரிந்து கிடந்தது. மறுபடியும் "செவத்தா" என்றார். பக்கத்தில் நின்ற துர்காதேவி, "ஊருக்குத் திரும்புகிறாள்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"செவத்தா ஊருக்குத் திரும்பி..."

"எதுக்கு?"

மாரிக்கனி எழுந்து நின்றிருந்தாள். அமைதி அட்டைக்குக் கீழே நின்ற ஊழியர் அவளை உட்காரச் சொல்லிக் கையை அசைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "எதுக்குண்ணே திரும்புறா? அங்க என்ன வச்சிருக்காக அவளுக்கு?"

பால்ச்சாமி அவள் பக்கம் திரும்பினார். "அதான, எதுக்கு?" என்றார். "திரும்பலத்தா. அங்கனதான் நிக்கா. அந்த ஆளு டீ கிளாஸக் கீழ வச்சுட்டான். ரோட்டத் தாண்டி வாரான்."

"அவ ஓட வேண்டியதுதான?" என்று ஆவுடைத்தாய் கேட்டாள்.

"ஓடுனாத் தெரிஞ்சுபோகும்ல பெரியம்மா. அவ ஓடல. பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி போர்டப் பாத்துக்கிட்டு நிக்கா."

"எந்த ஊரு போர்டு?" "அவன் தனியாவா வாரான்?" "புருசங்காரன் கூட இருக்கானா?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. பால்ச்சாமி ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த ஆள் நடக்க ஆரம்பித்தான். நடுரோட்டில் ஒரு லாரி வந்து அவனை மறித்தது. மண்டபம் மில்லுபோல இரைந்தது.

வாரியத் தலைவர் சங்கரலிங்கத்தின் பக்கம் சாய்ந்தார். "யார் இந்தப் பெண்கள்?"

"தடைகள் சார்" என்றார் சங்கரலிங்கம். "நீக்கப்பட்டவை. எப்படி உள்ளே வந்தன என்று விசாரிக்கிறேன்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரியாணி ஆறிவிடும் என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் விரலை அசைக்க, மைக் நின்றது. லாரி நகர்ந்து அந்த ஆள் செவத்தாவின் பக்கத்தில் வந்து வாயைத் திறந்த நேரம் அது. பால்ச்சாமியின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவர் கையில் ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். மேற்படி பயனாளி படைப்பாற்றல் தொடர்பான அனைத்துத் தடைகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டுவிட்டார் என்பதற்கான தடையில்லாச் சான்று. காலையிலிருந்து பட்டினி கிடந்த பெண்கள் பந்திக்கு எழுந்து போனார்கள்.

பின்னால் மையம் நன்றாகவே முன்னுக்கு வந்தது. முன்மாதிரி மையம் என்று பேர் வாங்கி விருதுநகரில் பெரிய கட்டடத்துக்குப் போனது. சங்கரலிங்கத்துக்குப் பதவி உயர்வு. துர்காதேவி அடுத்த ஆய்வாக மில்லு வேன்களில் பயணம் செய்யும் பெண்களின் குறுக்கிடும் பழக்கத்தை எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். பால்ச்சாமிக்கு விழா முடிந்த கையோடு வந்தது ஒரு கடிதம். செவத்தா கதை வாரியச் செலவில் தடை நீக்கம் செய்யப்பட்டதால் அது வாரியத்தின் உடைமையாகிறது, இனி அதைச் சொல்வதானால் அங்கீகரிக்கப்பட்ட முடிவோடுதான் சொல்ல வேண்டும், மீறிச் சொன்னால் மில்லு நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று இருந்தது. மானேஜரும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குய்யா வம்பு? வண்டிய மட்டும் ஓட்டு" என்று சொல்லியனுப்பினார்.

பால்ச்சாமி மறுபடி வேனை எடுத்த முதல் சாயங்காலம். மில்லு வாசலில் பெண்கள் ஏறினார்கள். அவர் முதல் வேலையாகச் சுந்தரபாண்டியின் ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தார். வண்டி பைபாஸைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் திரும்பும்வரை எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள்.

"அண்ணே, சொல்லுங்க" என்றாள் மாரிக்கனி. "பக்கத்துல வந்துட்டான்ல. என்ன கேட்டான்?"

"சொல்லக் கூடாதுன்னு லெட்டர் வந்திருக்குத்தா. அது அவுக கதையாம். அவ திரும்பிப் போயி ஆடு வளக்குறான்னு சொல்லணும்னா சொல்றேன்."

"ஆட்டயும் வேணாம் மாட்டயும் வேணாம். நம்ம கதையச் சொல்லுங்க."

"வேலை போயிரும்த்தா. பிள்ளைகளப் படிக்க வைக்கணும்ல."

அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. வேலை போவது என்றால் என்னவென்று அந்த வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேல மரமும் வெட்டாந்தரையும் ஓடிக்கொண்டிருந்தன. தலையில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்காமல் எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பால்ச்சாமிக்கு ஸ்டீயரிங் கனத்தது. இந்தப் பொம்பளைகளை இப்படி ஊமையாக்கி ஏற்றிக்கொண்டு போவதற்குப் பேசாமல் பஞ்சு லோடு அடிக்கப் போயிருக்கலாம் என்று நினைத்தார்.

"நீ செவத்தாதானன்னு கேட்டான்."

குரல் அவர் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. யாருடைய குரல் என்று யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. முருகலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"லெட்டரு அண்ணனுக்குத்தான வந்துச்சு? எனக்கு வரலைல?" என்றாள்.

"ஒனக்கு எதுக்குத்தா வருது? நீ சொல்லு" என்றாள் மாரிக்கனி.

"நீ செவத்தாதானன்னு கேட்டான். இவ ஆமான்னா."

"அடிப்பாவி, வேற பேரச் சொல்ல வேண்டியதுதான?" என்றாள் ஆவுடைத்தாய்.

"எத்தன பேருதான் மாத்துவா பெரியம்மா? ஊரு ஊருக்கு ஒரு பேரு. அவளுக்கே அலுத்துப்போச்சு. ஆமா, நாந்தான் செவத்தா, இப்ப என்னங்கிற, அப்பிடின்னுட்டா. அவ கைல ஒரு பையி இருக்கு. காலுல செருப்பு இருக்கு. அவ சம்பளத்துல வாங்குன செருப்பு."

அதற்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. திகைத்து நிறுத்தினாள். கண்ணாடியில் அவள் முகம் பால்ச்சாமிக்குத் தெரிந்தது. அந்தத் திகைப்பு அவருக்குத் தெரிந்ததுதான். வண்டியை அவரை அறியாமலேயே மெதுவாக்கினார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது.

"அதக் கேட்டு அந்த ஆளு என்னத்தா செஞ்சான்?" என்று கேட்டார்.

முருகலட்சுமி ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் என்னண்ணே செய்வான்? அவனுக்கு வேர்த்துப்போச்சு. ஊருல போயிச் சொல்லணும்ல, வீட்ட விட்டுப் போனவளப் பாத்தேன், நல்லாருக்கான்னு. யாரு நம்புவா?"